மூலையில்லா வயல்

இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார் கல்லூரித் தாளாளர். "ஆகவே, பெரியோர்களே" என்றதும் முடிக்கப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது முடிக்கிற ஆகவே இல்லை, அடுத்த தெருவுக்குத் திரும்புகிற ஆகவே. பேசட்டும். அவர் பேசுகிறவரைக்கும் நான் பேசவேண்டியதில்லை. சாயங்காலம்வரை பேசினாலும் எனக்குச் சம்மதம், கூட்டத்துக்குத்தான் சம்மதம் இருக்காது, மினி ஹாலின் பின்கட்டிலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை வர ஆரம்பித்துவிட்டது, நாற்காலிகள் நெளிகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன்கோவிலில் ஒரு புத்தக வெளியீட்டுக்கு இத்தனை தலைகள் வந்திருப்பது அழைப்பிதழின் அடியில் மதிய உணவு உண்டு என்று போட்டதால்தான். அதையும் நான்தான் போடச் சொன்னேன். பொன்னாடை கழுத்தில் அரிக்கிறது. எடுத்து மடியில் வைத்தால் போர்த்தியவர் முகம் வாடும். எடுக்காமல் இருப்பதும் நல்லதாகப் போயிற்று, அதற்கடியில் என் கை இருக்கிறது, கைக்குள் போன், போனுக்குள் அந்தப் பாலைவனம். அணைத்துவிட்டேன், அணைத்தும் தெரிகிறது. முதல் வரிசையில் என் மகள் உமா தன் போனைத் தூக்கிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சிரிங்கப்பா என்று உதட்டை இழுத்துக் காட்டுகிறாள். சிரிக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் மேடையை அடைத்துக்கொண்டு பிளெக்ஸ் பேனர், அதில் என் முகம் ஒரு ஓரத்தில், மீதி முழுக்க மஞ்சள் மணலில் பச்சைப் பச்சையாக வட்டங்கள், அதன் மேலே சிவப்பு எழுத்தில் பாலையில் பழந்தமிழர் குளங்கள், ஆய்வாளர் சர்வேயர் உலகநாதன். திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை நான் ஆய்வாளன்தான். வெளியீடு முடிந்து, முதல் படியைப் புலவர் அறவாழி வாங்கி, கைதட்டு அடங்கி, தாளாளர் வாழ்த்துரைக்கு மைக்கைப் பிடித்தபோதுகூட நான் ஆய்வாளன். அவர் தன் கல்லூரியில் புதிதாகக் கட்டிய கட்டடத்தைப் பற்றி ஆரம்பித்ததும் எனக்கு அலுப்பு வந்தது. என் விழாவில் என் வட்டங்களைப் பற்றிப் பேசாமல் இவர் என்ன சிமென்ட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒரு கோபம். அந்தக் கோபத்தில்தான் போனை எடுத்தேன். காரில் வரும்போது உமா சொல்லியிருந்தாள், அப்பா, அந்த சாட்டிலைட் மேப்ல இப்ப பழைய வருஷத்துப் படமெல்லாம் பாக்கலாம், கீழே ஒரு கோடு வரும், அத இழுத்தா வருஷம் பின்னால போகும். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை, ஏற்புரையில் போனைத் தூக்கிக் காட்டி, இதோ பாருங்கள், இத்தனை ஆண்டுக்கு முன்பும் இவை இங்கேயே இருந்தன, காலம் இவற்றைத் தொடவில்லை என்று ஒரு போடு போடலாம். மேடையிலேயே ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று பொன்னாடைக்கு அடியில் வைத்து இழுத்தேன். முதலில் சில வட்டங்கள் மங்கின. சரி, கோடைகாலம், தண்ணீர் வற்றியிருக்கும். இன்னும் இழுத்தேன். கடைசி வரிசை காணாமல் போயிற்று. படம் சரியாக வரவில்லை என்று நினைத்தேன், நெட் இல்லை என்று நினைத்தேன், போனை ஜன்னல் பக்கம் சாய்த்துக்கூடப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் பின்னால், இரண்டு வரிசை இல்லை. உமா கல்லூரிக்குப் போன வருஷத்தில் பாதிதான் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷத்தில் ஒரே ஒரு வட்டம், பக்கத்தில் நேராக ஒரு ரோடு. அவள் பிறந்த வருஷத்துக்குப் போனால் மணல். வெறும் மணல். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று முன்னட்டையில் போட்டிருக்கும் குளங்கள் என் மகளைவிட வயதில் சின்னவை.

விரல் நின்றுவிட்டது. பிறகு அதுவாகவே முன்னால் நகர்த்திற்று, மணல், ஒரு வட்டம், நாலு, எட்டு, ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் பழுப்பு, ஒரு வருஷம் பாதி பச்சை பாதி பழுப்பு. அந்தப் பாதியில்தான் எனக்கு வேர்த்தது. குளம் பாதி வற்றினால் கரையிலிருந்து உள்ளே சுருங்கும், நடுவே நூல் பிடித்த மாதிரி இரண்டாகப் பிளந்துகொண்டு வற்றாது. அது அறுவடை. அரைவட்டம் அறுத்தாயிற்று, அரைவட்டம் நிற்கிறது. அறுத்த பக்கத்தில் வரிவரியாகத் தாள்கூடத் தெரிகிறது. எந்தக் குழந்தைக்கும் தெரியும். நடுவிலிருந்து விளிம்புவரை போகிற அந்த மெல்லிய கோடு, கடிகார முள் மாதிரி, அதைப் படித்துறை என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு குளத்திலும் படித்துறை ஒவ்வொரு திசையில் இருக்கிறதே ஏன் என்று நானே கேட்டு, பருவக்காற்றின் திசைக்கேற்ப முன்னோர் அமைத்தனர் என்று நானே பதில் சொல்லி, அதற்கு ஒரு தனி அத்தியாயம். போன வருஷம் வடக்கே இருந்த படித்துறை இந்த வருஷம் கிழக்கே இருக்கிறது. படித்துறை நடக்குமா? முளையில் மாட்டைக் கட்டிப்போட்டால் கயிறு எட்டுகிற மட்டும் மேய்ந்து வட்டம் போட்டு வைத்திருக்குமே, அதேதான். நடுவில் ஒரு ஆழ்குழாய்க் கிணறு, அதில் கட்டிய நீளக் குழாய், அடியில் சக்கரம், தண்ணீர் தெளித்துக்கொண்டே சுற்றி வருகிறது. தெளிப்புநீர்ப் பாசனம். நம் வேளாண்மை அலுவலகத்துச் சுவரிலேயே அதற்குப் படம் ஒட்டியிருக்கிறான், இத்தனை பெரிதாக இல்லை, ஒரு கடலைக் கொல்லைக்கு ஆகிற மாதிரி. அந்த அலுவலகத்துக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து பிழைத்தவன் நான்.

ஆனால் நான் ஏன் வயல் என்று நினைக்கவில்லை? நினைத்தேன். முதல் நாளே நினைத்தேன். ஓய்வுபெற்றபின் பொழுது போகாமல் போனில் உலகத்தை மேலிருந்து பார்க்கிற பழக்கம் வந்தது. ஆயுள் முழுக்கத் தரையில் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு முள்ளில் நடந்தவனுக்கு மேலிருந்து பார்ப்பது பெரிய சுகம், எந்த நாயும் குரைக்காது, எந்தப் பட்டாதாரரும் சண்டைக்கு வரமாட்டார். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது அரேபியப் பாலைவனத்தில் இந்த வட்டங்கள் வந்தன. வயலோ என்றுதான் முதலில் தோன்றியது. உடனே என் உத்தியோகம் உள்ளே புகுந்து சிரித்தது. வயல் எங்கேயாவது வட்டமாக இருக்குமா? நாற்கோணம், முக்கோணம், காலொடிந்த நாற்காலி மாதிரி, நாய்வால் மாதிரி எல்லாம் அளந்திருக்கிறேன், வட்டமாக ஒன்றைக்கூட அளந்ததில்லை. வட்டம் போட்டால் நாலு மூலை மிஞ்சும். அந்த மூலையை எவன் விடுவான்? இங்கே அண்ணன் தம்பி ஒரு வரப்பு அகலத்துக்கு அரிவாளை எடுக்கிறான், கல்லைப் பிடுங்கி நாலு விரல் தள்ளி நடுகிறான், கருப்பன்குளம் கிராமத்தில் ஒரு முக்கு நிலத்துக்காக நான் அளக்க அளக்கவே ஒருவன் மண்டை உடைந்தது, என் வேட்டியில் ரத்தம். அப்படிப்பட்ட பூமியில் பிறந்தவனிடம் போய் மூலையை விட்டுவிட்டு வயல் போடுவார்கள் என்றால் எப்படி நம்புவது? நிலத்துக்குப் பஞ்சமில்லாத ஒரு ஊர் உண்டு, அங்கே மூலை யாருக்கும் வேண்டாம், தண்ணீர் எட்டுகிற இடம்தான் வயல் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அதை அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன், மூன்றாம் அத்தியாயம், வட்ட வடிவில் வயல் அமைக்கும் வழக்கம் உலகில் எங்குமில்லை என்பதை நிலமளந்த அனுபவத்தில் உறுதிபடக் கூறுகிறேன். உறுதிபட. அந்தச் சொல்லை நினைத்தால் காது சுடுகிறது.

இப்போது பக்கத்து நாற்காலியில் அறவாழி. மடியில் முதல் படியை வைத்துக்கொண்டு அதன் வழவழப்பான அட்டையை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறார். கண்ணழுத்தம் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது, வெளிச்சம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. கண் இருந்த காலத்தில் இந்த ஊர் மேடைகளுக்கு இவர் ஒரு கண்டம். யாராவது ஒரு பேச்சாளர் உணர்ச்சிவசப்பட்டு எங்கோ இருக்கும் எரிமலைக்குத் தமிழ்ப்பேர் என்று ஆரம்பித்தால், கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து நிற்பார், ஆதாரத்தச் சொல்லும், சொல்லிட்டு மேல பேசும் என்பார். பேச்சாளர் தண்ணீர் கேட்பார். தமிழுக்குப் பொய்ப் பெருமை சேர்க்கிறவன் தமிழைத் திட்டுகிறவனைவிட மோசம் என்பது அவர் கட்சி, அதற்காகவே பாதிப் பேர் அவருடன் பேசுவதில்லை. அந்த மனிதரிடம்தான் நான் அணிந்துரை கேட்டுக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோனேன், அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பல நாள் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். குளம் முழுக்கப் பச்சை நிறப் பாசி படர்ந்துள்ளது என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். "வே, பாசி அவ்வளவு பச்சையாவா இருக்கும்? வயலா இருக்கப்போவுது, நல்லாப் பாத்தீரா?" என்றார். கண் தெரியாதவர் கேட்டார். கண் தெரிகிற நான் சிரித்தேன். "புலவரே, இலக்கணத்துல நான் வாயத் தெறக்கேனா? அதே மாதிரி நிலத்துல நீரு தலையிடாதீரு. வயலு வட்டமா இருக்காது. அளந்தவன் சொல்லுதேன்." தூக்கிய கையை இறக்கினார். "எனக்குக் கண்ணு இல்ல, உம்ம கண்ண வச்சித்தான் எழுதணும். எழுதுதேன்" என்றார். எழுதினார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதும் நான்தான், இவை வயல்களாக இருக்கக்கூடும் என்ற என் ஐயத்தை நூலாசிரியர் தகுந்த சான்றுகளால் நீக்கினார் என்ற வரியைக் கேட்டபோது பேனா நின்றது, பெருமையில் நின்றது. யாருக்கும் அணிந்துரை தராதவர் எனக்குத் தந்தார். இனி இந்தப் புத்தகத்தை எவன் திறந்தாலும் முதலில் சிரிப்பது என்னைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து. அவர் கேள்வி கேட்டு உட்காரவைத்த அத்தனை பேச்சாளர்களும் திறப்பார்கள். திறக்காமல் இருப்பார்களா? அவர்களில் இரண்டு பேர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

"வே, உலகநாதன்" என்று காதோரம் சாய்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "இவன் எப்பவே முடிப்பான்?"

"முடிக்கிற மாதிரித் தெரியல."

"சரி, விடும். அட்டையில வட்டம் எங்கன இருக்கு? எனக்கு ஒண்ணும் தட்டுப்படமாட்டேங்கு. விரலப் பிடிச்சி வையும், பாப்போம்." விரலை நீட்டுகிறார். ஆள்காட்டி விரல், நுனியில் சுண்ணாம்புப் பழுப்பு, நகம் மருமகள் வெட்டிவிட்டதாக இருக்கவேண்டும், அத்தனை ஒழுங்கு. பிடிக்கிறேன். இப்போது சொல்லிவிடலாம். புலவரே, தப்பாப்போச்சு, அது வயலுதான், நீரு கேட்டது சரி. அவ்வளவுதான், இதற்கு இலக்கணமும் வேண்டாம், மைக்கும் வேண்டாம், தாளாளர் சத்தத்தில் வேறு யார் காதிலும் விழாது. வாயைத் திறந்தேன். என் கை அவர் விரலைக் கொண்டுபோய் அட்டையின் நடு வட்டத்தில் வைத்து, மெதுவாகச் சுற்றி ஒரு சுற்று வந்தது. "இதுதான் பெரிசு" என்றேன். "இம்புட்டா" என்று சிரித்தார். "எத்தன தலமுறை தண்ணி குடிச்சிருக்கும்!" ஆமாம் என்றேன். ஆமாம் என்று நான்தான் சொன்னேன்.

இதை அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் தப்பு வரும், பெரிய பெரிய ஆட்களுக்கே வந்திருக்கிறது, விஞ்ஞானிகள்கூடப் பின்வாங்கியிருக்கிறார்கள் என்று மனசு ஒரு பக்கம் வக்கீல் வைத்துக்கொண்டு பேசுகிறது. பேசவிடுகிறேன். ஆனால் அந்த ரோடு? அச்சகத்தில் அட்டைப்படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினான் செல்வின். வட்டங்களின் ஓரத்தில் நேர்கோடாக ஒரு ரோடு, ரோட்டுமேல் தகரக் கொட்டகை மாதிரி இரண்டு, அதன் பக்கத்தில் லாரியோ என்னவோ, நிழல் விழுந்திருந்தது. "சார், இது என்ன, வண்டி மாதிரி இருக்கு?" என்றான். நான் என்ன சொன்னேன்? "அத எடுத்துரு தம்பி, கண்ண உறுத்துது." கண்ணை உறுத்தியது என்பது உண்மை. ஏன் உறுத்தியது என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் இருக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் மவுஸை இழுத்து அந்த ஓரத்தை வெட்டினான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், லாரியின் நிழல்கூட மிஞ்சாமல் போனதும் ஒரு நிம்மதி, டீ வாங்கிக் கொடுத்தேன் அவனுக்கு. ஒருத்தன் எல்லைக் கல்லைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, கல்லா, இங்கே எப்போது இருந்தது என்று முகத்தைப் பார்த்துக் கேட்பான். அப்படிப்பட்ட எத்தனை பேரை நான் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், ஐயா, இவன் பிடுங்கியிருக்கிறான் என்று. இப்போது முதல் வரிசையிலிருந்து பார்த்தால் என் முகத்தில் தெரியுமா? உமா இன்னும் படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள், பெரிதாக்கிப் பார்த்தால் தெரியலாம். பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். வேர்த்து ஒழுகுகிறது. மேடை மின்விசிறி தாளாளர் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

கைதட்டுகிறார்கள். முடித்துவிட்டார், எப்படி முடித்தார் என்றே கவனிக்கவில்லை, பாவி, இன்னும் கொஞ்சம் பேசியிருக்கக்கூடாதா? தொகுப்பாளர் மைக்கைத் தட்டிப்பார்த்துவிட்டு, அடுத்ததாக நம் அனைவரும் ஆவலோடு எதிர்பார்க்கும் ஏற்புரை என்கிறார், ஆவலோடு சாப்பாட்டையல்லவா எதிர்பார்க்கிறார்கள், மண்ணை அளந்தவர், இன்று விண்ணிலிருந்து தமிழை அளந்தவர் என்கிறார். எழுந்திருக்கிறேன். அறவாழி என் முழங்கையைத் தட்டி, "நல்லாச் சொல்லும்" என்கிறார். சொல்லிவிடுவேன். நாற்காலிக்கும் மைக்குக்கும் நடுவே என்ன சொல்லவேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது, நண்பர்களே, இந்தப் புத்தகம் தப்பு, இவை குளங்கள் இல்லை, இந்தக் காலத்து வயல்கள், எனக்கு இப்போதுதான் தெரிந்தது, இல்லை, எனக்கு முன்பே கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும், புலவர் சந்தேகப்பட்டார், அவரை அடக்கியது நான், அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. அவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விடலாம். மைக்கைப் பிடித்ததும் அது கீ என்று கத்துகிறது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று இளகிப்போகிறது, எனக்கு முன்னால் இத்தனை முகங்கள், எல்லாம் என்னைப் பார்த்து நல்லபடியாக இருக்கின்றன, என் வாழ்நாளில் இத்தனை பேர் ஒரே இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை, சர்வேயரைப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பகை, மீதிப் பேருக்குப் பயம்.

"அவையோருக்கு வணக்கம்" என்கிறேன். குரல் எனக்கே நன்றாகக் கேட்கிறது. "இந்த நூலில் பிழை இருக்கிறது" என்கிறேன். சொல்லிவிட்டேன். சபை அசையவில்லை, அடுத்த வார்த்தைக்காக நிற்கிறது. வயல் என்ற வார்த்தை நாக்கில் இருக்கிறது, மூன்றே எழுத்து, எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை, துப்பவேண்டியதுதான். "நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. நான் பார்த்தது தவறாகவும் இருக்கலாம். பிழை முழுக்க முழுக்க என்னுடையது. சான்றோர்கள் பொறுத்தருள வேண்டும்." அடுத்ததைச் சொல்வதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. அவையடக்கம்! ஒவ்வொரு ஏற்புரையும் இப்படித்தானே ஆரம்பிக்கும், நான் கேட்ட எல்லா மேடையிலும் சிற்றறிவுக்கு எட்டியவரை என்று ஆரம்பிக்காதவன் உண்டா? தொகுப்பாளர் இன்னொரு மைக்கில், நிறைகுடம், நிறைகுடம் என்கிறார். எனக்குத் தெரியும். சொல்வதற்கு முன்பே தெரியும், இந்த வார்த்தைகளை இந்த மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள் என்று. வயல் என்று சொன்னால்தான் கைதட்டமாட்டார்கள். அதனால்தான் பொறுத்தருள என்றேன். சொல்லவும் சொல்லிவிட்டேன், யாருக்கும் தெரியவும் இல்லை, இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உண்டா? இதில் இன்னொரு கேவலம், அந்தக் கைதட்டல் இனிக்கிறது. உடம்பெல்லாம் இனிக்கிறது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடுகிறேன். பிறகு யார் யாருக்கோ நன்றி சொன்னேன், அச்சகத்துக்கு, மின்விசிறிக்காரருக்குக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நாட்டுப்பண் முடிந்ததும் கூட்டம் பந்திக்கு ஓடுகிறது. மேடையில் நாற்காலி மடக்குகிற சத்தம். அறவாழி எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், கன்னத்தில் ஈரம். "என்னால முடியாதுவே" என்கிறார். "ஆயிரம் பேரு முன்னால எம்மேல தப்பு இருக்கலாம்னு ஒருநாளும் நான் சொன்னதில்ல. மத்தவன் தப்பையே பாத்துப் பாத்துக் கண்ணு போச்சி. நீரு மனுசன்." கையிலிருக்கிற புத்தகத்தை என் பக்கம் நீட்டுகிறார். "கையெழுத்துப் போடும். எம் பேர எழுதிப் போடும்." பேனாவை எடுக்கிறேன். முதல் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. எழுத ஆரம்பிக்கும்போது என்ன எழுதப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, புலவர் அறவாழிக்கு என்று எழுதி, அடுத்த வரியில் கை நிற்காமல் போகிறது, இவை குளங்கள் இல்லை, வயல்கள். நீர் கேட்டதுதான் சரி. எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. உலகநாதன். எழுதிவிட்டேன்! நெஞ்சிலிருந்து ஒரு கல் நகர்ந்த மாதிரி இருக்கிறது. கண் தெரியாதவருக்கு எழுதிக் காட்டுகிற வீரம்.

"என்ன எழுதினீரு? வாசியும்."

மை இன்னும் காயவில்லை. "என் கண்ணினும் மேலான நண்பர் அறவாழிக்கு, அன்புடன்" என்று வாசிக்கிறேன். எங்கேயும் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார்.

அப்போது படியேறி வருகிறாள் அவர் மருமகள் கோமளா, தோளில் துணிப்பை, இடது கையில் அவருடைய ஊன்றுகோல். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. "மாமா, ஆட்டோ நிக்கி. சாப்பாட்ட வாங்கி வச்சிட்டேன், வீட்ல போயி சாப்பிடுவோம்" என்கிறாள். என்னைப் பார்த்து, "சர்வேயர் மாமா, நல்லாப் பேசுனீங்க, வாசல்ல நின்னு கேட்டேன்" என்கிறாள். அறவாழி புத்தகத்தை அவளிடம் தருகிறார். "இந்தாம்மா. இனிமே சாயங்காலம் பேப்பர் வேண்டாம், இதத்தான் நீ வாசிக்கணும். எனக்கு இவரு வாசிச்சிக் கேட்டதுதான், ஆனா அச்சில வந்தத ஒரு தடவ முழுசாக் கேக்கணும். மொதப் பக்கத்தில இருந்து." கையை நீட்டிப் பிடுங்கிக்கொள்ளலாம், ஐயோ தப்பாக எழுதிவிட்டேன், வேறு பிரதி தருகிறேன் என்று சொல்லலாம், மேசையில் ஒரு கட்டுப் பிரதி இருக்கிறது. என் கை வருகிறது, பாதியில் நின்று பொன்னாடையைச் சரிசெய்கிறது. எல்லாரும் புத்தகம் கைக்கு வந்ததும் செய்கிற மாதிரி அவள் முதல் பக்கத்தைத் திறக்கிறாள். உதடு அசைகிறது, அவர் பெயரை வாசிக்கிறாள். பிறகு அசைவது நிற்கிறது. இன்னொரு முறை மேலிருந்து வாசிக்கிறாள். தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள், பிறகு பின்னாலிருக்கிற பேனரைப் பார்க்கிறாள், திரும்ப என்னை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எத்தனையோ நோயாளிகளின் வீட்டார் முகத்தைப் பார்த்துப் பழகியவள், யாருக்கு எதை எப்போது சொல்வது என்று யோசிக்கிற முகம்.

"என்னம்மா, சத்தத்தையே காணும்?" என்கிறார் அறவாழி. அவர் முகம் அவள் குரல் வந்த திசையில் தூக்கியிருக்கிறது, இன்னும் ஈரமாக, இத்தனை சந்தோஷமாக அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. "பாத்தியா, எப்படி எழுதியிருக்காரு?"

அவள் புத்தகத்தை மூடுகிறாள்.

"நல்லா எழுதியிருக்காங்க மாமா" என்கிறாள்.

ஊன்றுகோலை அவர் கையில் கொடுத்து, புத்தகத்தைத் துணிப்பைக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்து, தோளைப் பிடித்து அவரை எழுப்புகிறாள். படி இருக்கு மாமா, பாத்து என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்குகிறாள். இனி தினமும் சாயங்காலம், பொய்யென்று தெரிந்துகொண்டே, பக்கம் பக்கமாக அவள்தான் அவருக்கு அதை வாசிக்கவேண்டும். நான் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன்.